இருநூறு கிலோ கௌரவம்

இரண்டு மாதங்களுக்கு முன் இந்தப் பக்கங்களில் மலையடிவாரத்து டீக்கடைகளைப் பற்றி எழுதிக்கொண்டு போகும்போது, போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டேன். 'ஊர் சுற்றக் கிளம்புகிறவன், விழுந்தால் தன் கையாலேயே தூக்கி நிறுத்த முடியாத மோட்டார் சைக்கிளை வாங்கக் கூடாது' என்பது அந்த வாக்கியம். டீக்கடைகளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஒரு வரிக்கு மட்டும் முப்பத்தெட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. என் நாவல்களில் எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறேன், குடும்பங்களைப் பிரித்திருக்கிறேன், ஒரு கோயில் தர்மகர்த்தாவைத் திருடனாக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத கோபம், மோட்டார் சைக்கிளின் எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

கடிதங்களில் பாதி வசவு. அதில் எனக்கு வருத்தமில்லை; வசவில்தான் மனிதர்கள் உண்மையாக எழுதுகிறார்கள். 'உமக்கு வயசாகிவிட்டது, பேசாமல் ஒரு மொபெட் வாங்கிக்கொள்ளும்' என்கிறார் ஒருவர். 'பேனா பிடிக்கிற கைக்குப் பாரம் என்றால் என்னவென்று தெரியுமா?' என்று கேட்கிறார் மற்றொருவர். மூன்றாமவர் நாகரிகமானவர். கனத்த வண்டிதான் நெடுஞ்சாலையில் அசையாமல் போகும் என்று நாலு பக்கத்துக்கு விளக்கிவிட்டு, கடைசியில் 'இது ஆண்பிள்ளைகள் விஷயம்' என்று முடித்திருக்கிறார். நாகரிகம் அந்தக் கடைசி வரி வரைக்கும்தான் தாங்கியிருக்கிறது.

எனக்கு வயது நாற்பத்தாறு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. என் தகப்பனார் கால்நடை ஆய்வாளராக இருந்தார். ராஜ்தூத் வண்டியின் பின்னால் தடுப்பு மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார். லீவு நாட்களில் டேங்கின்மேல் உட்கார்ந்துகொண்டு நானும் போயிருக்கிறேன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தேன். படித்ததைவிட அந்த இரண்டு வருஷமும் ஒரு சிநேகிதனின் யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியை ஓட்டியதுதான் அதிகம். பிறகு எழுத்து கொஞ்சம் சோறு போட ஆரம்பித்ததும் சொந்தமாக ஒரு 100 சி.சி. வண்டி வாங்கினேன். அதிலேயே பதினெட்டு வருஷம் இந்த மாகாணத்தின் மூலை முடுக்கெல்லாம் சுற்றினேன். ஆகவே, மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று சொல்லுகிறவர்கள் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

காரணம் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். நாற்பதாவது வயதில் நானும் ஒரு கனத்த வண்டி வாங்கினேன். பெட்ரோல் ஊற்றினால் 200 கிலோவுக்கு மேல். எந்தக் கம்பெனி, என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். நடந்தது என் அசட்டுத்தனத்தால்தானே ஒழிய வண்டியின் குற்றமல்ல. ஒரு நாவலுக்கு நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பணம் வந்தது. வந்த பணம் கையைக் கடித்தது. ஷோரூமில் அந்த வண்டி விளக்கு வெளிச்சத்தில் கோயில் யானை மாதிரி நின்றுகொண்டிருந்தது. கிளப்பிக் காட்டினார்கள். அந்தச் சத்தம் காதில் விழவில்லை, நெஞ்சுக்கூட்டில் விழுந்தது. அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இதில் இன்னொரு பாவமும் உண்டு. அதற்குப் பத்து வருஷம் முன்னால் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் கதாநாயகன் தெருமுனையில் வருவதற்கு முன்பே அவன் வண்டிச் சத்தம் வந்துவிடும். கதாநாயகி அடுப்பிலிருப்பதை மறந்து வாசலுக்கு ஓடி வருவாள். இதை ஒரு தடவை எழுதினால் போதாதென்று ஏழெட்டு அத்தியாயங்களில் எழுதினேன். கனமும் சத்தமும் சேர்ந்தால் ஆண்மை என்ற கணக்கைப் பரப்பியதில் சினிமாக்காரர்களுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் பெரிய பங்கு என்றால், எனக்கும் ஒரு சிறிய பங்கு உண்டு. அந்தக் கதாநாயகன் ஒரு தடவையாவது வண்டியைப் பின்னுக்குத் தள்ளிச் சந்திலிருந்து வெளியே எடுத்தானா, அதற்குள் அவன் சட்டை எப்படி நனைந்தது என்று நான் எழுதவேயில்லை. எனக்கே தெரியாது, அப்போது.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசல் சிறியது. பழைய வண்டியை என் மனைவி ஒரு கையால் பிடித்து நகர்த்திவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். புது வண்டி அவளுக்கு நகரவில்லை. என்னை எழுப்ப மனமில்லாமல், கோலத்தை ஒரு முழம் தள்ளிப் போட்டாள். ஐந்து வருஷம் எங்கள் வீட்டுக் கோலம் வாசலுக்கு நேராக இல்லாமல் ஒதுங்கியே கிடந்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

இனி கொல்லிமலைக்கு வருகிறேன்.

நாமக்கல் பக்கத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிற பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். இடதுபுறமாகப் போகிற நம் நாட்டில், மலை ஏறும்போது இடது பக்கம் திரும்புகிற வளைவுதான் பொல்லாதது. உள்வட்டம் குறுகல், சரிவும் அங்கேதான் அதிகம். நான் போன அன்று சாயங்காலம். முன்னால் போன வேன் வளைவின் நடுவில் சட்டென்று நின்றது. நானும் நின்றேன். நின்றேன் என்றால், இரண்டாவது கியரில் இருந்த எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு அணைந்தது. இடது காலை ஊன்றினேன். ஊன்ற வேண்டிய இடத்தில் தரை இல்லை. அது அரை அடி கீழே இருந்தது. அந்த அரை அடிக்குள் 200 கிலோவும் என் பக்கம் சாய்ந்தது. ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிறகு பீமனாலும் பிடிக்க முடியாது. மெதுவாக, மிகவும் மரியாதையாக, வண்டி படுத்துவிட்டது. நான் ஒருவிதமாகக் காலை இழுத்துக்கொண்டேன்.

தூக்கினேன். வரவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துக் கையாலும் இடுப்பாலும் இழுத்தேன். அது தப்பான முறை என்று பிறகு தெரிந்துகொண்டேன். முன்சக்கரத்தைப் படுத்திருக்கிற பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டை முட்டுக்கொடுத்து, தொடைகளின் பலத்தால் பின்னோக்கி நடந்து எழுப்ப வேண்டும். கியரில் விட்டிருந்தால் உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே எடுத்துவிட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் எழுப்பிய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழும். இந்த வித்தையெல்லாம் தெரிந்தால் 200 கிலோவைத் தூக்க முடியும், சமதரையில். மலைச் சரிவில், தலை கீழ்ப்பக்கமும் சக்கரம் மேல்பக்கமுமாகக் கிடக்கிற வண்டியிடம் வித்தை பலிப்பதில்லை. பெட்ரோல் வாசனை வந்துகொண்டிருந்தது. மூன்று கார்கள் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போயின. கீழே இரண்டு வளைவுக்கு அப்பால் பஸ் உறுமுகிற சத்தம் கேட்டது.

பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டி.வி.எஸ். மொபெட் வந்தது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். முன்னால் ஒரு சாக்கு, பின்னால் ஒரு சாக்கு, பின் சாக்கின்மேல் ஒரு சிறுபெண். அவர் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து, "கால்ல பட்டுதுங்களா?" என்று முதலில் கேட்டார். பிறகு பின்பக்கம் பிடித்தார். நான் முன்பக்கம். இரண்டாவது தடவை எழுந்து நின்றது. எனக்கு மூச்சு வாங்கியது. அவர் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஒருத்தராத் தூக்க முடியாதுன்னு தெரிஞ்சுமா இதை வாங்கினீங்க?" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்தச் சிறுபெண்ணும் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் என்பது ஞாபகமில்லை, ஏதோ உளறியிருப்பேன். அவர் சாக்குகளோடும் பெண்ணோடும் புடுபுடுவென்று ஏறிப் போய்விட்டார்.

முப்பத்தெட்டுப் பேருக்குக் கோபம் மூட்டிய வாக்கியம் என்னுடையதல்ல என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அவருடையதுதான். நான் அதைக் கொஞ்சம் இலக்கணமாக எழுதினேன். அவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய வசவுகளை மூன்று வாரம் இடுப்பு வலியோடு படுத்திருந்த நான் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்?

இப்போது நாலு பக்கம் எழுதிய நண்பருக்கு. பௌதிகத்தில் நான் புலியல்ல. ஆனாலும் ஓடுகிற மோட்டார் சைக்கிள் நிமிர்ந்து நிற்பது எடையால் அல்ல என்பது எனக்குத் தெரியும். சுழல்கிற சக்கரமும், முன்கவை சாய்ந்திருக்கிற விதமும், ஓட்டுகிறவன் தன்னையறியாமல் ஹேண்டில்பாரில் செய்கிற சின்னஞ்சிறு திருத்தங்களுமே அதை நிறுத்துகின்றன. எடைதான் நிலைக்குக் காரணம் என்றால் சைக்கிளில் போகிற தபால்காரர் தினம் விழ வேண்டும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பக்கக் காற்று விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. தென்மேற்குப் பருவக் காற்று வீசுகிற மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் பாருங்கள். முப்பந்தலில் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது அழகுக்காக அல்ல. எடை குறைந்த வண்டியை அந்தக் காற்று தோளைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி தள்ளும். லாரியை ஒட்டிப் போய், லாரி மறைந்ததும் திறந்தவெளியில் அறை வாங்குவது நல்ல அனுபவமல்ல. நான் அங்கே 50 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி, குனிந்து, ஓரமாகப் போனேன். கனத்த வண்டியில் போனபோது 70-ல் போனேன். வித்தியாசம் கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சில நிமிஷங்கள். அந்தச் சில நிமிஷங்களுக்காக வருஷம் பூராவும் 50 கிலோ உபரி எடையைச் சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சக்தியைப் பற்றியும் நண்பர் கவலைப்படுகிறார். சமதரையில், எதிர்க்காற்று இல்லாமல், ஒரு ஆளை 80 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோக எட்டுக் குதிரைத்திறன் தாராளம். அதற்கு மேல் வாங்குகிற குதிரைகள் எல்லாம் காற்றோடு சண்டை போடுவதற்கு. அந்தச் சண்டை மோசமானது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றை வெல்ல எட்டு மடங்கு சக்தி வேண்டும். மலை ஏற, முந்திப் போக, இன்னும் ஒரு எட்டு பத்துக் குதிரை கையில் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் ஓட்டிய ஆர்.எக்ஸ். 100-க்கு 98 சி.சி., 11 குதிரைத்திறன், எடை சுமார் 100 கிலோ. 1985-லிருந்து 1996 வரை விற்ற அந்த வண்டியில் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகாத கல்லூரிப் பையன்கள் அந்தக் காலத்தில் இருந்தார்களா என்ன?

கனம் நம் பாரம்பரியம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்தப் பாரம்பரியம்? 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஆரம்பித்து, பிறகு திருவொற்றியூரில் புல்லட் தயாரானபோது அந்தப் புல்லட் இன்றைய புல்லட்டைவிட இலேசானது. 2023-ல் வந்த புல்லட் 350-ன் எடை 195 கிலோ. அதே வீட்டில் பிறந்த சூப்பர் மீட்டியார் 650 சுமார் 241 கிலோ. வண்டிகள் பருத்துக்கொண்டே வருகின்றன. நாமும் பருத்துக்கொண்டு வருகிறோம், ஆனால் தூக்குகிற பலம் அதே விகிதத்தில் பருக்கவில்லை. 2011-ல் ஹீரோ கம்பெனி இம்பல்ஸ் என்று ஒரு 150 சி.சி. வண்டி கொண்டுவந்தது. 134 கிலோ. மண் பாதை, கல் பாதை எல்லாவற்றுக்கும் உகந்த வண்டி. ஜனங்கள் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. சில வருஷங்களில் நின்றுபோயிற்று. 2019-ல் அதே கம்பெனி எக்ஸ்பல்ஸ் 200 கொண்டுவந்தது, 154 கிலோ. 2022-ல் சுஸுகி கொண்டுவந்த 250 சி.சி. வி-ஸ்ட்ராம் 167 கிலோ. 2023-ல் வந்த புது ஹிமாலயன் 196 கிலோ. நல்ல வண்டிதான், 40 குதிரைத்திறன். ஆனால் வாங்குகிறவர் இந்த நம்பர்களில் எதைப் பார்க்கிறார்? குதிரையைத்தான் எண்ணுகிறார், கிலோவை எண்ணுவதில்லை.

கிலோவை எண்ணுகிறவர்களும் ஏமாறுகிறார்கள். சில விவரப் பட்டியல்களில் 'வெற்று எடை' என்று போட்டிருக்கும். அதில் பெட்ரோல் இல்லை, எண்ணெய் இல்லை. சேலை இல்லாமல் பெண்ணை நிறுத்தி எடை போட்டுவிட்டுக் கல்யாணத்தன்று நகையோடு அனுப்புகிற கதைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. 15 லிட்டர் டேங்க் நிறைந்தால் 11 கிலோ. பிறகு முன்னால் ஒரு இரும்பு கார்டு, பின்னால் ஒரு கேரியர், இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள், அவற்றைத் தாங்க இரும்புச் சட்டம், இரண்டு உபரி விளக்குகள். வெறும் பெட்டிகளும் சட்டமும் சேர்ந்தே பதினைந்து இருபது கிலோவைத் தாண்டிவிடும். பெட்டிக்குள் இன்னும் ஒரு துணிகூட வைக்கவில்லை! நான் இதையெல்லாம் மாட்டிக்கொண்டுதான் கொல்லிமலைக்குப் போனேன். பெட்டிக்குள் என்ன இருந்தது தெரியுமா? நான்கு புத்தகங்கள், இரண்டு வேஷ்டி, ஒரு மடிக்கும் நாற்காலி. நாற்காலியை நான் ஒருநாளும் விரித்ததில்லை.

உலகம் சுற்றியவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார் ஒரு வாசகர். நானும் கூப்பிடுகிறேன். சே குவேராவும் ஆல்பெர்ட்டோ கிரனாடோவும் 1952-ல் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பிய 500 சி.சி. நார்ட்டனுக்கு 'வல்லமை பொருந்தியவள்' என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள். வழியெல்லாம் விழுந்தார்கள். வல்லமை பொருந்தியவள் சிலி நாட்டோடு படுத்துவிட்டாள். பிறகு லாரியிலும் படகிலும் தொற்றிக்கொண்டு போன பயணம்தான் அந்த இளைஞனை மாற்றிய பயணம். 2004-ல் யுவன் மெக்கிரெகர் என்ற நடிகரும் அவருடைய நண்பரும் லண்டனிலிருந்து நியூயார்க் வரை பி.எம்.டபிள்யூ.வின் மிகப் பெரிய வண்டிகளில் போனார்கள். மங்கோலியாவில் சேற்றிலும் மணலிலும் அவர்கள் பட்ட பாடு படமாக வந்திருக்கிறது. அதற்கு முந்தைய வருஷம், 2003-ல், லோயிஸ் பிரைஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடிவரை தனியாகப் போனார். அவர் ஓட்டியது 225 சி.சி. யமஹா. 'ஆண்பிள்ளைகள் விஷயம்' என்று எழுதிய நண்பர் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

இதெல்லாம் வாதம். வாதத்தில் ஜெயிப்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. கனத்த வண்டியில் இருந்த ஐந்து வருஷத்தில் நான் இழந்தது இடுப்பை மட்டுமல்ல; அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாடு, உவரி பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: செக்கச்செவேலென்று தேரி மணல். பனைமரங்களுக்கு நடுவே பாதைகள் பிரிந்து பிரிந்து போகும். எங்கே போகும் என்று எந்தப் பலகையும் சொல்லாது. பழைய 100 சி.சி. வண்டியில் நான் அப்படி ஒரு பாதையில் திரும்பினேன். அரை மைல் போனதும் சக்கரம் புதைந்தது. இறங்கி, எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்தில் நடந்துகொண்டே தள்ளினேன். பாதை முடிந்த இடத்தில் பனை ஓலைக் குடிசை ஒன்றில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கொதிக்கிற பாகைக் கொட்டாங்கச்சியில் ஊற்றுகிற அந்த அம்மாள் என்னை யாரென்று கேட்கவில்லை. உட்காரச் சொல்லி ஒரு குவளை பதநீர் கொடுத்தாள். மூன்று மணி நேரம் அங்கே இருந்தேன். என் நாவல் ஒன்றைப் படித்தவர்களுக்கு அந்த அம்மாளைத் தெரியும்.

கனத்த வண்டியில் அதே சாலையில் மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்று தடவையும் அந்தப் பாதைகள் பிரிகிற இடத்தில் வேகத்தைக் குறைத்தேன், பார்த்தேன், நேராகப் போய்விட்டேன். மணலில் புதைந்தால் என் ஒருவனால் எடுக்க முடியாது என்று தொடைக்கும் தோளுக்கும் தெரியும். மனசு அதற்கு வேறு பெயர் வைக்கும்: நேரமாகிவிட்டது, வெயில் அதிகம், அடுத்த தடவை பார்க்கலாம். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் மழை பெய்து ஓய்ந்திருந்தது ஒருநாள். அந்த மண் நனைந்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பி அடைத்து, சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். இலேசான வண்டியானால் ஒரு குச்சியால் நோண்டிவிட்டு, மேட்டுக்கு இழுத்துப் போட்டுவிடலாம். நான் தார் ரோட்டிலேயே நின்றபடி, தூரத்தில் ஒரு கிராமத்துக் கோயிலில் கொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினேன். சாலையில் ஒரு அழகான மரத்தைக் கண்டால்கூட நிறுத்தத் தோன்றாது. நிறுத்தினால் சாய்வான இடமா, மண் இறுகியிருக்கிறதா, திருப்பி எடுக்க இடமிருக்கிறதா என்று மூன்று கேள்விகள் வரும். மூன்றுக்கும் பதில் யோசிப்பதற்குள் மரம் பின்னால் போய்விடும்.

ஐந்து வருஷத்தில் அந்த வண்டியில் 40,000 கிலோமீட்டருக்குமேல் ஓட்டினேன். அவ்வளவும் பெட்ரோல் பங்கிலிருந்து பெட்ரோல் பங்குக்கு. அந்த வருஷங்களில் நான் எழுதிய கதைகளை எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஓட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் நடக்கின்றன. விமர்சகர்கள் அதற்கு ஏதோ தத்துவக் காரணம் சொன்னார்கள்.

புது வண்டி எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்டவர்களும் இரண்டொருவர் உண்டு. விருப்பத்தோடு கேட்டதால் சொல்கிறேன். ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதை எல்லோரும் செய்வார்கள். நான், "இதைக் கீழே படுக்க வைத்துத் தூக்கிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அந்தப் பையன் மேலாளரைக் கூப்பிட்டான். மேலாளர் எனக்குக் காப்பி வரவழைத்தார். பைத்தியங்களிடம் அன்பாக நடந்துகொள்ள வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் அதே மாதிரி வண்டி வைத்திருந்த தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, ஆற்று மணலில் படுக்க வைத்துத் தூக்கிப் பார்த்தேன். முதலில் டேங்க் காலியாக. பிறகு நிறைந்து, பைகளோடு. மூன்று தடவை தொடர்ந்து தூக்க முடிந்தது. 150 கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஐந்தடி நாலங்குலக்காரனான எனக்கு இந்த ரக வண்டிகளின் உயரம் ஒரு தொல்லை. சீட் தரையிலிருந்து 800 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். இரண்டு குதிகாலும் படியாது. ஆனால் இலேசான வண்டியை ஒரு கால் விரல் நுனியில்கூடப் பிடித்து நிறுத்தலாம் என்று பழகியபின் தெரிந்தது. பிறகு சீட் தைக்கிறவரிடம் கொடுத்து ஸ்பாஞ்சில் ஒரு அங்குலம் செதுக்கிக்கொண்டேன். அலுமினியப் பெட்டிகளுக்குப் பதில் இரண்டு துணிப் பைகள். உபரி டியூப் ஒன்று, பஞ்சர் சாமான், கைப்பம்பு, ஒரு கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக். நாற்காலி வீட்டில் இருக்கிறது.

குறைகள் இல்லையா? உண்டு. 90-க்கு மேல் போனால் கை மரத்துப்போகிறது. பின்னால் என் மனைவி உட்கார்ந்து இரண்டு பைகளும் ஏறினால் மலையில் முனகுகிறது. தம்பதி சமேதராக நெடுஞ்சாலையிலேயே போய்வருகிறவர்களுக்கு ஒரு 350 சி.சி. வண்டிதான் சரி, அவர்களோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு, தனியாக ஊர் சுற்றப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஊர் தன்னைப் பார்ப்பதற்காக வண்டி வாங்குகிறவனோடு. அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வருஷம் அவனோடு ஒரே கண்ணாடியில் முகம் பார்த்திருக்கிறேன்.

பழைய வண்டியை விற்ற கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் பார்த்து ஒரு இளைஞன் வந்தான். இருபத்துநாலு வயதிருக்கும், ஒல்லி. தபால் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பணத்தில் பாதி கடன் என்றான். என் தொடர்கதையைப் படித்திருந்தான். "அதுல வர்ற வண்டி இதுதானா சார்?" என்று கேட்டுவிட்டு டேங்கைத் தடவினான். எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. கொல்லிமலைக் கதையைச் சொன்னேன். கரிசலைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டான். கடைசியில் வாசலில் ஒரு பழைய மெத்தையை விரித்து, வண்டியை நானே அதன்மேல் மெதுவாகச் சாய்த்துப் படுக்கவைத்து, "எங்கே, தூக்கு தம்பி" என்றேன். என் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூன்று தடவை முயன்றான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. சக்கரம் தரையைக் கிளப்பவில்லை.

"பரவாயில்லை சார், நான் கீழே விடமாட்டேன்" என்றான்.

இருவருமாகத் தூக்கி நிறுத்தினோம். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். விற்க மாட்டேன் என்றே சொல்லியிருக்கலாம். புது வண்டிக்கு நான் மாதத் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். நோட்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டேன். தெருமுனை திரும்புகிறவரை சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. எதிர்வீட்டுப் பையன்கள் வாசலுக்கு ஓடி வந்து பார்த்தார்கள்.

மறுநாள் காலை கோலம் வாசலுக்கு நேராக வந்துவிட்டது. இந்த முப்பத்தெட்டுக் கடிதங்களையும் நான் ஒன்று விடாமல் பிரித்ததற்குக் காரணம், அவன் கடிதம் எதிலாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். இல்லை.